மூச்சு விடாத வாடிக்கையாளர்

என் மாமியார் துப்பறிபவர். இதைச் சொன்னால் கல்யாணமான ஆண்கள், "யாருடைய மாமியார்தான் துப்பறியவில்லை?" என்று கேட்கிறார்கள். என் மாமியார் அதைப் பெயர்ப்பலகை மாட்டி, மேசை போட்டு, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை செய்கிறார். அதுதான் வித்தியாசம். என் பழைய வேலை போன அன்றைக்கே என் மனைவி, "எங்கம்மாவுக்கு ஓர் உதவியாள் வேணுமாம், நாளைக்கே போயிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டிலும் மாப்பிள்ளை, ஆபீசிலும் மாப்பிள்ளை. மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. குப்பைத்தொட்டிக்குள் இறங்கித் தேடச் சொன்னாலும், "மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்கிப் பாருங்களேன்" என்று வாங்க போங்க போட்டுத்தான் சொல்வார்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. உட்கார்ந்ததும் என் முழங்கைப் பக்கம் குனிந்து, தையல் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, நான் வேண்டாம் என்பதற்குள் இரண்டு தையல் போட்டுவிட்டாள். அதன் பிறகுதான் வணக்கமே சொன்னாள். உடை வடிவமைப்பது தொழில் என்றும், ஊசி என்றே எல்லோரும் கூப்பிடுவதாகவும் சொன்னாள்.

அவளுடைய கடை சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒரே ஓர் அறை. பழைய கதவு ஒன்றை இரண்டு பீப்பாய் மேல் கிடத்தி வைத்திருக்கிறாள், அதுதான் துணி வெட்டும் மேசை. நேரில் படியேறி வரும் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. கடிதத்தில் ஆர்டர் கொடுக்கும் ஏழு பெண்மணிகள் மட்டும் உண்டு. ஒரு வருஷமாக அவர்களை வைத்துத்தான் கடை ஓடுகிறது. ஆளுக்கு மூன்று என்று இருபத்தொரு கவுன் அனுப்பியிருக்கிறாள். ஏழு பேரில் ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

இப்போது ஒரு சீருடைத் தொழிற்சாலை அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஏழு மணி நேரம் ரயிலில் போக வேண்டிய ஊர். நாலாயிரம் சட்டை வெட்ட வேண்டும், நாலாயிரமும் ஒரே சாம்பல் நிறம். வருகிறாளா இல்லையா என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"போகாதேன்னு என் தோழி ஒத்தைக்கால்ல நிக்கறா" என்றாள் ஊசி. "தோழி அப்படித்தானே சொல்வா. நான் சாக்குப்பையைத் தைச்சுக் குடுத்தாலும் பிரமாதம்னுதான் சொல்வா. என்னை யாருன்னே தெரியாத ஒரு ஆள், என் துணியைப் போட்டுக்கிட்டு, நல்லாயிருக்குன்னு என் முகத்துக்கு நேரா சொல்லணும். ஒரே ஒருத்தர் போதும். நான் இங்கேயே இருந்துடுவேன்."

அந்தத் தோழி யார் என்று மாமியார் கேட்டார். பிஸ்கட் கம்பெனியின் ஒரே வாரிசு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரில் அந்த பிஸ்கட்டைத் தின்னாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம் என்றால், அந்தப் பணக்காரப் பெண்ணின் நீளமான கவுன் ஒருநாள் லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டதாம். பக்கத்தில் நின்ற ஊசி யோசிக்காமல் கத்தரிக்கோலை எடுத்து முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டாளாம். வெட்டிய பிறகு கவுன் முன்னைவிட அழகாக இருந்ததாம். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம். தினமும் அவள்தான் கடைக்கு வருவாள், இவள் ஒரு நாளும் அந்த மாளிகைக்குப் போனதில்லை. அவளை இவள் மகாராணி என்று கூப்பிடுகிறாள். மகாராணியிடம் தையல்கூலி வாங்க மாட்டேன் என்று முதல் மாதமே சத்தியம் செய்துவிட்டதால், அவளால் இந்தக் கடையில் எதையும் விலைக்கு வாங்க முடியாது.

ஏழு பேரில் ஊசி தேடச் சொன்னது ஏழாவது ஆளை. "அவங்களுக்கு இடது கை தோள்லேருந்து ஏழரை அங்குலம்தான்" என்று அவள் சொல்லும்போது குரல் தழைந்தது. "அந்தக் கைக்காக மட்டும் நாலு நாள் யோசிச்சேன். என் வாழ்க்கையிலேயே நான் நல்லாத் தைச்சது அதுதான்."

அவள் நீட்டிய அளவுச் சீட்டை மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு பக்கம் கேள்வி. மற்ற தையல்காரர்கள் கேட்காததெல்லாம் அதில் இருந்தது. மார்பளவையே மூச்சை இழுத்து ஒருமுறை, விட்டு ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள். அளவெடுக்கும்போது எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒல்லியாக நிற்கிறார்கள், வீட்டுக்குப் போய் மூச்சை விட்டால் பட்டன் தெறிக்கிறது என்று விளக்கினாள். நான் சத்தம் போடாமல் என் வயிற்றை வெளியே விட்டேன்.

"மாப்பிள்ளை, இதைப் பாருங்க" என்றார் மாமியார். மூச்சை இழுத்தால் முப்பத்து மூன்றே கால். விட்டால் முப்பத்து மூன்றே கால். அதற்குக் கீழே, உட்கார்ந்த நிலையில் இடுப்பளவு என்ற கேள்விக்கு, 'உட்காருவதில்லை' என்று எழுதியிருந்தது.

"ரொம்ப கௌரவமானவங்க போலன்னு நெனச்சேன்" என்றாள் ஊசி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூச்சும் விடாமல், உட்காரவும் மாட்டாமல் இருந்தால் ஆள் போய்ச் சேர்ந்து நாளாகியிருக்கும் என்று என் துப்பறியும் மூளை சொல்லிற்று, அதை அப்படியே வெளியில் சொல்லிவிட்டேன். ஊசி வெளிறிப்போனாள். மாமியார் அவள் முதுகில் தட்டி, செத்தவர்கள் மூன்றாவது கவுனுக்கு ஆர்டர் கொடுப்பதில்லை என்று தேற்றி, ஏழு சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார். ஆளைக் கண்டுபிடித்த நிமிஷமே போன் பண்ணுங்கள் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். நாலாவது கவுனுக்குத் துணி மாதிரிகளை ஏழாமவருக்கு நேற்றுப் பார்சலில் அனுப்பியிருப்பதாகவும், அது பார்சல் ஆபீசில் இன்று எடுக்கப்படும் என்றும் அவள் சொன்னதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடி.

பார்சல் ஆபீசில் ஒரு பெஞ்சு, ஒரு தராசு, சுவரைப் பார்த்துச் சுற்றும் ஒரு மின்விசிறி. கவுன்டரில் இருந்தவருக்கு முத்திரை குத்துவதைத் தவிர வேறு எதிலும் பிரியம் இல்லை. பொட்டலம் என்ன, என் கையில் இருந்த செய்தித்தாள் மேலும் ஒன்று குத்தினார். அந்த ஏழு பேர் பார்சலையும் எடுக்க ஏழு ஆண்கள் வருவதாகச் சொன்னார். எப்படி இருப்பார்கள் என்று கேட்டோம். ஏழு பேரும் ஒரே ஜாடை, தொப்பி மட்டும்தான் வேறு வேறு, அண்ணன் தம்பிகளாக இருக்கும் என்றார். இந்த மாதிரி ஆட்கள் இருக்கும்வரை துப்பறிபவர்களுக்கு வேலை இருக்கும்.

பன்னிரண்டரைக்குப் பச்சைத் தொப்பி போட்ட ஒரு ஆஜானுபாகு ஏழாமவர் பார்சலைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து நாலாம் நம்பர் சீட்டை எடுத்து என் மடியில் வைத்தார். 'மார்பு நாற்பத்தாறு. வலது தோள் அரை அங்குலம் இறக்கம். கழுத்து பதினேழு.' பலசாலியான பெண்மணி என்று ஊசி ஓரத்தில் குறித்திருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பலசாலியான பெண்மணி மீசையைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே நின்ற நீளமான காரின் கதவில் ஒரு பிஸ்கட் வரைந்திருந்தது. மாமியார் நேராகப் போய், "தம்பி, உங்களுக்கு யாராவது அளவெடுத்தாங்களா?" என்று கேட்டார். சீருடை தைக்க என்று சொல்லி முதலாளியம்மாவே டேப் வைத்து எடுத்தார், வீட்டில் வேலை செய்யும் ஆறு பேருக்கும் எடுத்தார், ஒரு வருஷமாகியும் சீருடை வந்தபாடில்லை என்றார் டிரைவர். இதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் வேர்த்துக்கொட்டியது. மாமியார் அதைக் கவனித்தார். அவர் கவனித்ததை நான் கவனித்தேன். அதற்கு மேல் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

"ஆறு பேர்தானா? அப்ப ஏழாவது?" என்று கேட்டதும் அவர் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டார். வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்றார்.

மாளிகைத் தோட்டத்தில் ரோஜாப் பாத்திக்கு நடுவே ஏழாம் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்கல். கொஞ்சம் பாசி. இடது கையை டிரைவரே மூன்று வருஷத்துக்கு முன்னால் காரைப் பின்னால் எடுக்கும்போது இடித்து உடைத்திருக்கிறார். மாமியார் பையிலிருந்து டேப்பை எடுத்து, "மாப்பிள்ளை, பின்னாடி கையைக் கொண்டுபோங்க" என்றார். ஒரு கற்சிலையைக் கட்டிப்பிடித்து நின்ற என்னைத் தோட்டக்காரி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். முப்பத்து மூன்றே கால், கை ஏழரை, இம்மி பிசகவில்லை. மாமியார் டேப்பைச் சுருட்டிக்கொண்டு மாளிகைக்குள் போனார்.

நான் ஊசிக்குப் போன் செய்தேன். சொன்ன சொல் காப்பாற்றுவது என் பழக்கம். வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார், பிஸ்கட் மாளிகைத் தோட்டத்தில் உங்களுக்காகவே நிற்கிறார் என்றேன். "மகாராணி வீட்லயா? அவளுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று சின்னக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். அவள் போனை வைத்த பிறகுதான், மாமியாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே போனால், மகாராணி என் மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயம் போன ஸ்வெட்டர், அதில் பிஸ்கட் தூள். ஏழு பேர் பெயரில் ஆர்டர் கொடுத்தது தான்தான் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டிருந்தாள். முதலில் அளவுகளைக் கற்பனையாகத்தான் எழுதினாளாம். இந்த உடம்பால் நிமிர்ந்து நிற்கவே முடியாது, நல்ல டாக்டரைப் பாருங்கள் என்று ஊசி பதில் போட்டுவிட்டாளாம். அதனால் உண்மையான உடம்புகள் தேவைப்பட்டன. தன் அளவு ஊசிக்கு மனப்பாடம், அதை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டில் இருந்த ஆட்கள் ஆறோடு தீர்ந்துபோனார்கள். அப்புறம் தோட்டத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் அவகிட்ட சொல்லாதீங்க" என்று கெஞ்சினாள். "சொன்னா அவ அந்த ஃபாக்டரிக்குப் போயிடுவா. என்னைப் பாக்க நூறு பேர் வருவாங்க, நூறு பேரும் பிஸ்கட் கம்பெனியைப் பாக்கத்தான் வர்றாங்க. நான் போனா 'நகரு, துணிமேல உட்காராதே'ன்னு சொல்ற ஒரே ஆள் ஊசிதான். அவ போயிட்டா எனக்கு யாருமில்லை."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த போனைப் பார்த்தேன். "மாப்பிள்ளை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குள் என் கல்யாணத்தைப் பற்றி அவர் மனதில் இருந்த அத்தனை வருத்தமும் இருந்தது.

ஊசி கீழ்க்கடை சைக்கிளை வாங்கி மிதித்துக்கொண்டு வந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். வாசலில் மகாராணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எங்க அவங்க?" என்று என்னிடம் கேட்டாள். நான் விரலை நீட்டினேன். அவள் சிலைக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பிறகு சிலையின் இடது கையைப் பார்த்தாள். கிட்டே போய்க் கையால் தொட்டும் பார்த்தாள்.

"ஏழு பேரும் நீதானா?" என்றாள் திரும்பாமலே.

மகாராணி ஆமாம் என்றாள். ஊசி கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது. அவள் கத்தவில்லை. ஒரு கல்லுக்காக நாலு நாள் தூங்காமல் கை தைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்தவர் என்று ஒருத்தர்கூட இல்லை, சாம்பல் சட்டை தைத்தால் நாலாயிரம் பேராவது போடுவார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். மணி நாலு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

மகாராணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை, இருபத்தொன்றையும் மேலே அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை வந்து பார் என்று அழுதாள். பார்சல் வந்ததும் பிரிக்காமல் உள்ளே வைக்கச் சொல்லிவிடுவாளாம். பிரித்துப் பார்த்தால் போட்டுக்கொள்ள ஆசை வரும், போட்டுக்கொண்டால் ஊசியின் கண்ணில் படும் என்று அலமாரிப் பக்கமே போகவில்லையாம். எல்லோரும் மாடிக்குப் போனோம். அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே இருபத்தொரு காலிப் பார்சல் உறை இருந்தது. கவுன் ஒன்றுகூட இல்லை.

மகாராணி அலமாரிக்குள்ளேயே ஏறிப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தாள். நான் கட்டிலுக்கு அடியில் தேடினேன், துப்பறிபவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். மாமியார் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூட்டு உடையவில்லையே, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் சாவிக்காரம்மாவிடம் என்றாள் மகாராணி. வேலையாட்கள் ஆறு பேரையும் வரச் சொன்னார் மாமியார்.

வரிசையாக வந்து நின்றார்கள். சாவிக்காரம்மா, சமையல்காரம்மா, டிரைவர், தோட்டக்காரி, சலவைக்காரி, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். மாமியார் சீட்டுகளைப் பிரித்து ஒன்றாம் நம்பரை வாசித்தார். இடுப்பு முப்பத்தெட்டரை, இடது தோள் கொஞ்சம் உயரம். சமையல்காரம்மா அரை அடி பின்னால் நகர்ந்தார். இரண்டாம் நம்பரை வாசித்தார். சாவிக்கொத்து குலுங்கியது.

"அளவெடுத்தாங்க. அந்த அளவுல துணி வந்துச்சு. நீங்க உங்களுக்குத்தான்னு எடுத்துக்கிட்டீங்க. சரிதானே?" என்றார் மாமியார்.

சாவிக்காரம்மா ஆமாம் என்றார். சீருடை வரும் வரும் என்று காத்திருந்தார்களாம். முதல் பார்சலின் ஒரு மூலை கிழிந்திருந்தது, பிரித்துப் பார்த்தால் அவருடைய உடம்புக்குத் தைத்த கவுன். அடுத்ததில் சமையல்காரம்மாவுடையது. ஆளுக்கு ஒரு தினுசாக இருக்கிறதே என்று முதலில் குழம்பினார்கள், பெரிய இடத்துச் சீருடை அப்படித்தான் இருக்கும் போல என்று முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு வெட்கம், கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு அலமாரியில் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தார்களாம். லீவு நாளில் எல்லோரும் போட்டுக்கொண்டு போகிறார்கள். டிரைவரின் அக்கா அச்சு அசல் டிரைவர் போலவே இருப்பவர், நாலாம் நம்பர் மூன்றையும் அவர் பறித்துக்கொண்டு போய்விட்டார். சிலையின் கவுன்கள்? தோட்டக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கும்தானே அளவெடுத்தார்கள், அது மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கணுமா என்று, அம்மா வெளியே போகும் நேரத்தில் மாட்டிவிடுவாளாம். நேற்று ஒன்று மழையில் நனைந்துவிட்டதால் மூன்றையும் சேர்த்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

மகாராணிக்கு முகம் சிவந்தது. அதெல்லாம் ஊசியின் உழைப்பு, இந்த நிமிஷமே கொண்டுவந்து கொடுங்கள் என்றாள்.

"மாட்டோங்க" என்றார் சாவிக்காரம்மா. இருபது வருஷம் அந்த வீட்டில் எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவராம். "வேலையை விட்டுப் போகச் சொல்லுங்க, போயிடறேன். சாவியை இப்பவே வச்சிடறேன். அதைக் குடுக்க மாட்டேன். அந்த நீலத்தைப் போட்டுக்கிட்டு நடந்தாத்தான், நானும் ஒரு ஆளுன்னு எனக்கே தோணுது."

சமையல்காரம்மா தன்னுடையதைத் தங்கை கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய் இரண்டு நாள் கழற்றவில்லை என்றார். நாய்க்காரப் பெண் தருவதாக இல்லை என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் ஊசியைப் பார்த்தோம். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியாது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சாவிக்காரம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை மேல தூக்கினா அக்குள்ல பிடிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அக்குளில் பிடிக்கவில்லை, ஆனால் பை வைக்கவில்லையே என்றார் சாவிக்காரம்மா, சாவியை எங்கே போடுவது? சமையல்காரம்மாவுக்கு இரண்டாவது கவுனின் நிறம் ஆகவில்லை, வாய்விட்டுச் சொன்னார். டிரைவரின் அக்கா இடுப்பை ஒரு விரற்கடை பிடிக்கச் சொல்லி ஆறு மாதமாக நச்சரிக்கிறாராம், யாரிடம் சொல்வதென்று தெரியவில்லையாம். ஊசி தரையில் அமர்ந்தபடியே என் முதுகைப் பலகையாக வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். குறை சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

நாலு ஐம்பதுக்கு மாமியார் கடிகாரத்தைக் காட்டினார். ஊசி எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் போன் செய்தாள்.

"சார், நான் வேலைக்கு வரலை. இல்ல சார், உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் தைச்ச துணியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். இருபத்தொண்ணும். கேட்டா திருப்பித் தர மாட்டேங்கறாங்க. ஆமா சார், ரொம்ப சந்தோஷமா இருக்கேன்."

மறுமுனையில் அவர் என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டார். ஊசி திரும்பினாள். மகாராணி அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வரத் துணிச்சல் இல்லாமல் நின்றிருந்தாள்.

"உன்மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு" என்றாள் ஊசி. "ஒரு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கே. இன்னிக்கு இவங்களுக்கெல்லாம் அளவு பாக்கணும், நேரமில்லை. நாளைக்கு வந்து உன்னைத் திட்டறேன்."

"எத்தனை மணிக்கு வருவே?" என்றாள் மகாராணி. ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகக் கேட்டாள்.

"காலையிலேயே வந்துடறேன்" என்றாள் ஊசி. "நிறைய இருக்கு."